உக்ரைனில் பாலியல் தொழில்: எண்ணிக்கை எப்படிப் போடப்படுகிறது, எங்கே பிசகுகிறது

உக்ரைனில் பாலியல் தொழில் செய்யும் பெண்கள் 86,600 பேர். 2018-ல் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களுக்காகப் போட்ட மதிப்பீடு இது. அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 4.2 கோடி. 15 வயதிலிருந்து 49 வயதுவரையுள்ள பெண்கள் ஏறக்குறைய ஒரு கோடி. அப்படியானால் நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவு. வீடு வீடாகப் போய் யாரும் தலை எண்ணவில்லை. எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் இல்லை. பிறகு 86,600 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு 'சோவியத் உடைந்த நாடுகளே இப்படித்தான்' என்று பேசுகிறவர்கள் நிறைய.

அந்தப் பேச்சை முதலில் பார்த்துவிடலாம். உலகெங்கும் அதுவரை கிடைத்த மதிப்பீடுகளைத் திரட்டி 2006-ல் ஒரு தொகுப்பு ஆய்வு வெளிவந்தது. பெண்களில் பாலியல் தொழில் செய்பவர்களின் பங்கு முன்னாள் சோவியத் பகுதிகளில் 0.1 முதல் 1.5 சதவீதம், கிழக்கு ஐரோப்பாவில் 0.4 முதல் 1.4 சதவீதம், மேற்கு ஐரோப்பாவில் 0.1 முதல் 1.4 சதவீதம் என்று அது கண்டது. கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. லத்தீன் அமெரிக்காவில் சில இடங்களில் 7.4 சதவீதம்வரை போயிருந்தது. ஆக, சோவியத்துக்குப் பிந்தைய சமூகங்களில் இது 'மிக அதிகம்' என்ற பேச்சுக்கு எண்ணில் ஆதாரம் இல்லை. அங்கே வேறுபடுவது மூன்று விஷயங்கள்: எவ்வளவு வேகத்தில் பெருகியது, எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது, அதில் புழங்கும் காசு யார் கைக்குப் போகிறது.

எண்ணும் முறை

யாரை எண்ணுவது என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை. 'கடந்த 6 மாதத்தில் பணத்துக்காகவோ பொருளுக்காகவோ உடலுறவு கொண்டவர்' என்பது வழக்கமான வரையறை. இதில் 6 என்பதை 12 ஆக்கினாலே எண் பெரிதாகும். ஒரு ஊரில் எந்த நாளில் பார்த்தாலும் 100 பெண்கள் தொழிலில் இருக்கிறார்கள், மாதம் 25 பேர் விலகுகிறார்கள், அதே அளவு புதியவர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'இன்றைக்கு எத்தனை பேர்' என்றால் விடை 100. 'இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர்' என்றால் முதல் நாளில் இருந்த 100, பிறகு வந்த 300, மொத்தம் 400. இரண்டுமே சரியான விடை. ஒரு நாட்டின் ஒருநாள் எண்ணையும் இன்னொரு நாட்டின் ஒருவருஷ எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடும்போதுதான் தப்பு நடக்கிறது. பாலியல் தொழிலில் ஆள் மாறிக்கொண்டே இருப்பது வழக்கம் என்பதால் இந்தப் பிசகு சிறியதல்ல. வாடகை பாக்கிக்காக, குழந்தையின் வைத்தியத்துக்காக இரண்டு மாதம் வந்துவிட்டுப் போகிறவர் பலர்.

அடுத்தது இடங்களைக் குறிப்பது. நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடம், ரயில் நிலையத்தைச் சுற்றிய தெருக்கள், ஹோட்டல், சவுனா எனப்படும் நீராவிக் குளியல் விடுதி, வாடகை ஃபிளாட், இணைய விளம்பரம் என்று ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வார்கள். டாக்ஸி ஓட்டுநர், இரவுக் காவலாளி, எல்லோருக்கும் மேலாக அந்தப் பெண்கள் ஆகியோரிடம் கேட்டுத்தான் பட்டியல் தயாராகும். தெருவில் நிற்பவர்களை எண்ணுவது சுலபம். ஃபிளாட்டில் இருப்பவர்களை எண்ணுவது கடினம். இணையத்தில் இரண்டு பக்கமும் பிசகும்: ஒரே பெண் மூன்று பெயரில் மூன்று விளம்பரம் போட்டிருப்பார், ஒரே தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் ஐந்து பெண்கள் இருப்பார்கள். தொலைபேசி எண்ணை வைத்து வடிகட்டினால் முதல் பிழை போகும், இரண்டாவது கூடும்.

பிறகு இரட்டைப் பிடிப்பு முறை. குளத்து மீனை எண்ணுகிற அதே கணக்கு. முதல் நாள் 120 பெண்களுக்குச் சின்னக் கைக்கண்ணாடி மாதிரி ஒரு பொருளைக் கொடுக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து அதே இடங்களில் 100 பேரைச் சந்தித்து, அது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 30 பேரிடம் இருந்தால் 120-ஐ 100-ஆல் பெருக்கி 30-ஆல் வகுக்க வேண்டும். மொத்தம் 400 பேர். இடைப்பட்ட வாரத்தில் யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை என்று இந்தக் கணக்கு நம்புகிறது. நடுவில் போலீஸ் ரெய்டு வந்தால்? முதல் நாள் பொருள் வாங்கியவர்கள், திறந்த இடத்தில் நின்றவர்கள், அவர்கள்தான் முதலில் ஒதுங்குவார்கள். அந்த இடத்துக்கு விஷயம் தெரியாத புதியவர்கள் வந்து நிற்பார்கள். இரண்டாம் முறை 100 பேரில் 20 பேரிடம்தான் பொருள் இருக்கும். கணக்கு 600 என்று காட்டும். ஊரில் ஒரு பெண்கூடக் கூடவில்லை. தாளில் 200 பேர் கூடிவிட்டார்கள்.

மூன்றாவது பெருக்கல் முறை. பெரிய நகரங்களில் இதற்குத்தான் பயன்பாடு அதிகம். ஒரு தொண்டு அமைப்பின் பதிவுப்படி ஒரு வருஷத்தில் 600 பெண்கள் எச்.ஐ.வி. உடனடிப் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதோடு தொடர்பில்லாத ஒரு கருத்தெடுப்பில் 300 பெண்களைக் கேட்டால் 90 பேர் அங்கே பரிசோதித்ததாகச் சொல்கிறார்கள். அது 30 சதவீதம். 600-ஐ 0.3-ஆல் வகுத்தால் 2,000. கருத்தெடுப்பு உண்மையிலேயே தொடர்பில்லாததாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. அதே தொண்டு அமைப்பின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து கேட்டால் 60 சதவீதம் பேர் 'ஆமாம்' என்பார்கள், ஊரின் எண் 1,000-ஆகச் சுருங்கிவிடும். பதிவேட்டிலும் ஓட்டை உண்டு. பெயர் கேட்கக் கூடாது என்பதால் தாயின் பெயரெழுத்து, பிறந்த தேதி போன்றவற்றைக் கோத்து ஒரு குறியீடு உருவாக்குகிறார்கள். ஒரு பெண் பயந்துபோய் ஒருமுறை வேறு தேதியைச் சொன்னால் அவரே இரண்டு பேராகிவிடுவார்.

கேள்வி கேட்க ஆட்களைத் திரட்டுவதற்குச் சங்கிலி முறை. சிலரிடம் தலைக்கு மூன்று சீட்டு கொடுத்து, தெரிந்த பெண்களை அனுப்பச் சொல்வார்கள், வருபவருக்கும் அனுப்பியவருக்கும் சிறு தொகை உண்டு. தெருவில் ஒருவரை ஒருவர் தெரியும், சங்கிலி நீளும். தனி ஃபிளாட்டில் வேலை செய்பவருக்குச் சக தொழிலாளி யாரையும் தெரியாது, சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். மேலாளரின் பிடியில் இருப்பவர் வெளியே வரவே முடியாது. ஆக, மிக மோசமான நிலையில் இருப்பவர்களும் ஓரளவு வசதியாக இருப்பவர்களும் சேர்ந்தே விடுபட்டுப்போகிறார்கள்.

இப்படிச் சில நகரங்களில் கிடைத்ததை மாகாணம் மாகாணமாக விரித்துத்தான் நாட்டின் எண்ணைப் போடுகிறார்கள். ஒதேசா துறைமுக ஊர், கடற்கரை ஊர். அங்கே கோடைக்கும் குளிருக்கும் எண்ணே வேறு. எந்த மாதம் எண்ணினோம் என்பதுகூட விடையை மாற்றும். 86,600 என்பதை 'ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு' என்று படிப்பதுதான் நேர்மை. ஆணுறை எத்தனை வாங்குவது, பரிசோதனைக் கருவி எத்தனை வேண்டும், நடமாடும் மருத்துவ வண்டி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று திட்டமிட அந்த அளவு துல்லியம் போதும். சமூகத்தின் ஒழுக்கத்தை அளக்க அது உண்டாக்கப்படவில்லை.

வேகம் எங்கிருந்து வந்தது

சோவியத் காலத்தில் பாலியல் தொழில் இல்லை என்பது அரசின் அதிகாரபூர்வ நிலை. முதலாளித்துவம் ஒழிந்ததும் அதுவும் ஒழிந்துவிட்டது என்றார்கள். இல்லாத ஒன்றுக்குத் தனிச் சட்டம் போட முடியாது. அதனால் 1961-ல் ரஷ்யக் குடியரசில் வந்த 'உழைக்காமல் உண்பவர்' மீதான ஆணையைப் போன்ற வேறு விதிகளைப் பயன்படுத்திப் பெண்களை ஊரைவிட்டு அனுப்பினார்கள். 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு முன்பும் 'வேண்டாதவர்கள்' என்று கருதப்பட்டவர்களை நகரத்திலிருந்து அப்புறப்படுத்தினார்கள். ஆனால் வெளிநாட்டவர் தங்கும் ஹோட்டல்களிலும் துறைமுகங்களிலும் தொழில் நடந்தது. டாலரும் ஜெர்மன் மார்க்கும் வாங்கிய பெண்களுக்கு 'வல்யூத்னயா' என்று பெயர், அந்நியச் செலாவணிக்காரி என்று பொருள். 1987-ல்தான் அரசு ஒப்புக்கொண்டது. ரஷ்யக் குடியரசிலும் உக்ரைன் குடியரசிலும் அந்த வருஷம் நிர்வாகக் குற்றச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து அபராதம் விதித்தார்கள். உக்ரைனில் அதன் எண் 181-1. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

நான்கே வருஷத்தில் நாடு உடைந்தது. 1993-ல் உக்ரைனின் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டியது. சம்பளம் மாதக்கணக்கில் நிலுவை, கிடைத்தபோதும் சில ஆலைகளில் பணத்துக்குப் பதில் பொருள். அந்தப் பொருளைச் சந்தையில் விற்றால்தான் ரொட்டி. சோவியத் ஆலை என்பது சம்பளம் கொடுக்கும் இடம் மட்டுமல்ல என்பது இங்கே முக்கியம். மழலையர் பள்ளி, சாப்பாட்டுக்கூடம், மருத்துவமனை, விடுமுறை இல்லம், பல சமயம் குடியிருப்பும் ஆலையோடு ஒட்டியவை. ஆலை படுத்ததும் அவையும் மூடின. தனியாகக் குழந்தை வளர்க்கும் தாய்க்கு ஒரே மாதத்தில் வருமானமும் போனது, குழந்தையைப் பகலில் விட்டுவைக்கும் இடமும் போனது. பாட்டி தூங்கவைத்துக்கொள்ளும் இரவு நேரம்தான் மிஞ்சியது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'ஏன் வேறு வேலை தேடவில்லை' என்று கேட்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எல்லையும் அப்போதுதான் திறந்தது. 1988-ல் ஜார்ஜியாவுக்கும் துருக்கிக்கும் இடையே சார்ப் எல்லைவாயில் திறந்தது. 1991-க்குப் பிறகு அந்த வழியாகவும் கப்பலிலும் முன்னாள் சோவியத் பெண்கள் பெரிய பைகளோடு துருக்கியின் டிராப்சோன் நகருக்குப் போனார்கள். கொண்டுபோன சாமானை விற்று, அங்கிருந்து துணிமணி வாங்கி வந்து ஊரில் விற்பது பிழைப்பு. 'பைக்காரர்' வியாபாரம் என்று பெயர். அவர்களில் ஒரு பகுதியினர் பாலியல் தொழிலும் செய்தார்கள். துருக்கிய மொழியில் 'நடாஷா' என்பது முன்னாள் சோவியத் நாட்டுப் பெண்கள் எல்லோருக்குமான வசைப்பெயராயிற்று. தக்காளி விற்கப் போனவளும் நடாஷா, மொழிபெயர்ப்பாளரும் நடாஷா. நம் நாளிதழ்களில் 'வெளிநாட்டு அழகிகள் சிக்கினர்' என்று வரும் தலைப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கடத்தல் வேறு விஷயம். அதையும் பாலியல் தொழிலையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டுமே புரியாமல் போகும். கடத்தல் நடக்கும் விதம் பெரும்பாலும் ஒரே அச்சுதான். பரிமாறுபவர், நடனக் கலைஞர், குழந்தை பார்த்துக்கொள்பவர் என்று வேலை விளம்பரம். பயணச்சீட்டு, விசா செலவை ஏஜென்ட் 'முன்பணமாக'ப் போடுவார். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முன்பணம் மும்மடங்காகிவிட்டிருக்கும், தங்குமிடம், சாப்பாடு, தாமதத்துக்கு அபராதம் என்று அது தினமும் ஏறும். விசா காலாவதியானதும் போலீசிடம் போகவும் வழி இல்லை. சைப்ரஸில் இரவு விடுதிகளுக்கென்றே 'கலைஞர் விசா' இருந்தது. அது இப்படித் தவறாகப் பயன்பட்டதால் 2008-ல் ஒழித்தார்கள். உக்ரைன் 1998-லேயே ஆள்கடத்தலைத் தனிக் குற்றமாக்கியது, ஐரோப்பாவில் முதலில் செய்த நாடுகளில் ஒன்று. பிற்காலத்தில் அங்கே அடையாளம் காணப்பட்டவர்களில் கட்டடம், தோட்டம், ஆலை வேலைக்குக் கடத்தப்பட்டவர்கள் முன்னணிக்கு வந்தார்கள். அவர்களில் ஆண்களும் ஏராளம்.

காசு போகும் வழி

181-1 பிரிவு சொல்லும் தண்டனை, எச்சரிக்கை அல்லது அபராதம். அபராதங்களைக் கணக்கிட உக்ரைன் சட்டம் அடிப்படையாக வைக்கும் 'வரிவிலக்கு வருமான அலகை'ப்போல் அது 5 முதல் 10 மடங்கு. அந்த அலகு பல வருஷங்களாக 17 ஹ்ரிவ்னியாவிலேயே (உக்ரைன் நாணயம்) நிற்கிறது. ஆகவே அபராதம் 85 முதல் 170 ஹ்ரிவ்னியா. ஒரு வருஷத்துக்குள் மறுபடி பிடிபட்டால் 136 முதல் 255. டாலருக்கு 40 ஹ்ரிவ்னியா என்று வைத்தால் முதல் அபராதம் இரண்டு டாலரில் தொடங்குகிறது.

இவ்வளவு சிறிய தொகைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று தோன்றும். பயம் தொகையைப் பற்றியதல்ல, தாளைப் பற்றியது. போலீஸ் எழுதும் அறிக்கையில் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பது இருக்கும். 'இது உன் வீட்டுக்குப் போகும், பிள்ளையின் பள்ளிக்குப் போகும்' என்ற ஒரு வார்த்தை போதும். தாய்மை உரிமையே போய்விடும் என்று மிரட்டுவதும் உண்டு. அந்தத் தாளை எழுதாமலிருக்கக் கொடுக்கும் மாமூல் அபராதத்தைவிடப் பல மடங்கு. அரசுக்குப் போவது சில ஹ்ரிவ்னியா, சட்டைப்பைக்குப் போவது மிச்சம். அபராதம் சிறியது என்பதால் சட்டம் மென்மையானது என்று கொள்ளக் கூடாது. வாடிக்கையாளர் அடித்தாலோ பணத்தைப் பிடுங்கினாலோ புகார் கொடுக்கப் போகும் பெண் முதலில் தன் மீதே அறிக்கை எழுதவைக்க வேண்டியிருக்கிறது. இது தெரிந்தே குறிவைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

முன்னாள் சோவியத் நாடுகள் நெடுகிலும் இந்தத் தொழிலில் புழங்கும் ரஷ்யச் சொற்கள் அந்தக் கட்டமைப்பைக் காட்டிவிடும். 'தோச்கா' என்றால் புள்ளி, பெண்கள் நிற்கும் சாலையோர இடம். 'மாமோச்கா' என்றால் அம்மா, பேரம் பேசிப் பங்கு எடுக்கும் பெண். 'க்ரிஷா' என்றால் கூரை, காசு வாங்கிக்கொண்டு பாதுகாப்புத் தரும் ரவுடியோ அதிகாரியோ. இவற்றில் மனதை அறுப்பது 'சுப்போத்னிக்'. 1919-ல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிவைத்த, கூலியில்லாத சனிக்கிழமை உழைப்புக்குச் சோவியத் நாட்டில் வழங்கிய பெயர் அது. பாலியல் தொழிலாளிகளின் பேச்சில் அதற்கு இப்போது பொருள், காவலர்களுக்கோ ரவுடிகளுக்கோ காசில்லாமல், மறுக்க வழியில்லாமல் இணங்க வேண்டிய நாள். வல்லுறவு என்பதுதான் அதற்குச் சரியான சொல்.

2001-ல் உக்ரைன் ஒருபடி மேலே போய் இத்தொழில் செய்வதையே குற்றவியல் சட்டத்தில் சேர்த்தது. 2006-ல் அதை நீக்கியது. மறுபடி 1987-ன் பிரிவு மட்டும் மிஞ்சியது. அதோடு குற்றவியல் சட்டத்தின் 302-வது பிரிவு விபசார விடுதி நடத்துவதைக் குற்றமாக்குகிறது. பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுத்தால், வாடகை ஒப்பந்தத்தில் பெயருள்ளவர் விடுதி நடத்துபவராகக் கணக்கில் வர வாய்ப்பிருக்கிறது. தனியாக இருந்தால் ஆபத்து, சேர்ந்திருந்தால் குற்றம். 2015-ல் சோவியத் சின்னங்களை அகற்றச் சட்டம் வந்து லெனின் சிலைகளும் தெருப்பெயர்களும் போன பிறகும் 181-1 அசையவில்லை. பாலியல் தொழிலாளிகளே நடத்தும் லீகலைஃப் உக்ரைன் அமைப்பு முதலில் கேட்பது அதன் நீக்கத்தைத்தான்.

அதே சோவியத் வேரிலிருந்து கிளம்பிய மற்ற நாடுகள் வேறு வேறு திசையில் போயின. லாட்வியாவில் உடல்நலச் சான்றுடன் தொழில் செய்ய அனுமதி உண்டு. லிதுவேனியா 2005 முதல் விற்பவர், வாங்குபவர் இருவர் மீதும் அபராதம் போடுகிறது. ரஷ்யாவில் பெண்ணுக்கு 1,500 முதல் 2,000 ரூபிள் அபராதம். அங்கே பையில் ஆணுறை இருப்பதையே சாட்சியாக எடுத்துக்கொள்வதும் பறிமுதல் செய்வதும் பதிவாகியிருக்கின்றன. அப்படிச் செய்தால் பெண்கள் ஆணுறை வைத்துக்கொள்வதைக் குறைத்துக்கொள்வார்கள்.

எச்.ஐ.வி. சொல்லும் சாட்சி

1995-ல் ஒதேசா, மிக்கோலாயிவ் நகரங்களில் ஊசியில் போதைமருந்து ஏற்றுபவர்களிடையே எச்.ஐ.வி. வெடித்துப் பரவியது. கசகசாச் செடியிலிருந்து வீட்டிலேயே காய்ச்சிய திரவ அபினை ஒரே பாத்திரத்திலிருந்து பலர் ஊசியில் எடுத்தார்கள். ஊசி ஏற்றும் பெண்களில் சிலர் அந்தச் செலவுக்காகப் பாலியல் தொழிலில் இருந்தார்கள், இரண்டு ஆபத்தும் ஒரே உடலில் சேர்ந்தது. கருத்தெடுப்பில் பாலியல் தொழிலாளிப் பெண்களிடையே தொற்று 2009-ல் 13.2 சதவீதமாக இருந்தது, 2017-ல் 5.2 சதவீதம். இதற்குப் பின்னால் ஆணுறை விநியோகம், பழைய ஊசிக்குப் புது ஊசி தருவது, உடனடிப் பரிசோதனை, 2004-ல் புப்ரெனார்ஃபின், 2008-ல் மெத்தடோன் கொண்டு தொடங்கிய மாற்றுச் சிகிச்சை (ஊசிப் போதைக்குப் பதிலாக மருத்துவ மேற்பார்வையில் மருந்து தருவது) ஆகியவை இருக்கின்றன. ரஷ்யாவில் மாற்றுச் சிகிச்சைக்கு இன்றும் தடை. கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டதும் 2014 மே மாதத்தில் அங்கே அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள்.

இந்த வீழ்ச்சியிலும் ஒரு பகுதி கணக்கின் விளைவாக இருக்கலாம். ஆட்களைத் திரட்டும் முறையிலும் சேர்க்கும் இடங்களிலும் சிறு மாற்றம் வந்தாலே சதவீதம் நகரும். ஊசி ஏற்றும் தெருப்பெண்கள் ஒரு சுற்றில் குறைவாக அகப்பட்டால் தொற்று குறைந்ததுபோல் தெரியும். அதனால்தான் ஊசி ஏற்றுபவர், ஏற்றாதவர் என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

போருக்குப் பிறகு

ரஷ்யா முழு அளவில் படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு பழைய எண் எதுவும் நிற்காது. இரவு ஊரடங்கு வந்ததும் தெருவில் இரவு நிற்பது முடியாமல் போனது. தொழில் பகலுக்கும் ஃபிளாட்டுக்கும் தொலைபேசிக்கும் மாறியது. இடங்களைக் குறித்து எண்ணும் முறை அங்கேயே பாதி செயலிழந்துவிட்டது. லட்சக்கணக்கானோர் மேற்கு உக்ரைனுக்கும் நாட்டுக்கு வெளியேயும் போய்விட்டதால், யாரும் வரவில்லை, போகவில்லை என்று நம்பும் இரட்டைப் பிடிப்புக் கணக்கும் உதவாது.

எல்லையில் 1990-கள் திரும்பும் என்ற பயம் முதல் வாரங்களில் பெரிதாக இருந்தது. அது வீண் பயம் அல்ல, தனியாகக் குழந்தைகளோடு நின்ற பெண்களிடம் வண்டியும் வீடும் தருகிறோம் என்று வந்தவர்களையெல்லாம் நம்பிவிட முடியாது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. 2022 மார்ச் 4-ல் ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்புத் திட்டத்தை நடைமுறைப்படுத்தி, வந்தவர்களுக்குத் தங்கும் உரிமையோடு சட்டப்படி வேலை செய்யும் உரிமையும் கொடுத்தது. 1990-களின் கடத்தல்காரருக்குக் கிடைத்த பிடி, காலாவதியான விசாவும் பறித்துவைத்த பாஸ்போர்ட்டும். சட்டப்படி வேலை செய்யலாம் என்று கையில் தாள் உள்ள பெண்ணிடம் அந்தப் பிடி தளர்ந்துபோகிறது.

இப்போது எண்ணப் போகிறவர்கள் நாடு முழுவதற்கும் ஒரே எண் வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். ஊர் ஊராக, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணுவது நல்லது. தெரு, ஃபிளாட், இணையம் மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும். போருக்கு முன்பே அந்த ஊரில் இருந்தவரா, இடம்பெயர்ந்து வந்தவரா என்று ஒரு கேள்வி சேர்க்க வேண்டும். எண்ணும் வாரத்தில் ரெய்டு நடந்ததா என்பதைத் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். பெயரையும் முகவரியையும் எங்கும் எழுதக் கூடாது, 181-1 இருக்கும்வரை அந்தத் தாள் யார் கைக்குப் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.